மேல்டிவிசனுக்கு ஒரே நம்பர்

டிக்கோயாவிலிருந்து மேலே ஏறுகிற அந்தத் தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவான மேல்டிவிசனில் யாரிடம் போன் நம்பர் கேட்டாலும் ஜெயந்தினியின் நம்பரைத்தான் சொல்வார்கள். பேங்கில் கேட்டாலும் அதுதான், பள்ளிக்கூடத்தில் கேட்டாலும் அதுதான். சொந்தமாகப் போன் இல்லாமல் இல்லை. வீட்டுக்கு வீடு இருக்கிறது. ஆனால் வரிசை வீடுகளான லயங்கள் இருப்பது பள்ளத்தில், அங்கே கவரேஜ் கிடையாது. கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் மழைக்குப் பயந்து போனைக் காம்பரா என்கிற லயத்து அறையிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். கவரேஜ் ஒழுங்காகக் கிடைப்பது மேட்டின் மேல் இருக்கும் பிள்ளைக் காம்பராவில் மட்டும்தான். தாய்மார் மலைக்கு வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவள் ஜெயந்தினி.

டயகமப் பக்கம் பிறந்து செல்லசாமிக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தவள். வந்த புதிதில் அவளும் கொழுந்துதான் எடுத்தாள். பிறகு பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டுமென்று கேட்டார்கள், போனாள், அப்படியே தங்கிவிட்டாள். அவள் மகன் வளர்ந்து கொத்மலையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலைக்கு நிற்கிறான். அவன் வாங்கிக் கொடுத்த போன்தான் இது.

முதலில் அவள் நம்பரைக் கேட்டு வாங்கியவள் பக்கத்து லயத்து லெட்சுமி. மகன் கொழும்பிலிருந்து கூப்பிட்டால் பேச ஒரு வழி வேண்டும் என்றாள். அதன் பிறகு யாரும் கேட்டு வாங்கவில்லை, அவர்களே எடுத்துக்கொண்டார்கள். போன் வந்தால் ஜெயந்தினி வாசற்படியில் வந்து நின்று, கையைக் குவித்து, பெயரைச் சொல்லிக் கத்துவாள். எதிர்ச் சரிவில் நிற்கும் பெண்கள் கூடையோடு நிமிர்ந்து பார்ப்பார்கள். சாவுச் செய்தி என்றால் மட்டும் கத்தமாட்டாள். பிள்ளைகளை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கி நடந்து போவாள். அவள் நடந்து வருவதைக் கண்டாலே சிலர் அழத் தொடங்கிவிடுவார்கள்.

கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கிறவர்கள் கோயிலுக்கு அடுத்ததாக அவளுக்கு வைப்பார்கள். கங்காணிகூட அவளிடம் குரலை உயர்த்தமாட்டார். இதெல்லாம் தனக்குப் பெரிதில்லை என்று சொல்லிக்கொள்வாள். தனுஜா வரும்வரை அப்படிச் சொல்வது சுலபமாகவும் இருந்தது.

தனுஜா செல்லசாமியின் தம்பி கிஷாந்தின் மனைவி. ஹட்டன் டவுன் பக்கத்துப் பெண், ஏ.எல். பரீட்சை பாஸ், கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தவள். கிஷாந்த் கொழும்பில் வேலை செய்வதால் அவள் தன் குழந்தையோடு அடுத்த காம்பராவில் இருந்தாள். ஓரகத்திகள் இருவருக்கும் நடுவில் ஒரு சுவர். அங்கே தாளிக்கும் வாசம் இங்கே வரும். இங்கே முனகுவது அங்கே கேட்கும். தொடக்கத்தில் சண்டை ஒன்றுமில்லை. 'அக்கா' என்று கூப்பிடுவாள், ரொட்டி தட்டினால் இரண்டு கொண்டுவந்து கொடுப்பாள். ஜெயந்தினியும் கருவாட்டுக் குழம்பு கொடுத்தனுப்புவாள். தனுஜா அதை வாங்கிக்கொண்டு, "உப்புக் கொஞ்சம் கொறைச்சுக்கங்க அக்கா" என்பாள். அதுகூட அப்போது பொறுக்கக்கூடியதாக இருந்தது.

பிறகு தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அரசாங்கம் பிரஷர், சீனி வியாதி உள்ளவர்களைத் தோட்டம் தோட்டமாகப் பதிந்து, யாருக்கு எந்த நாள் கிளினிக், யார் வந்தார்கள், யார் வரவில்லை, யாருக்குக் குறைந்தது, யாருக்குக் கூடியது என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கப்போவதாகச் சொன்னார்கள். அதற்கு உள்ளூரிலேயே ஒரு பெண்ணை எடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தது.

தன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று ஜெயந்தினி நினைத்தாள். நினைத்ததில் அநியாயம் இல்லை. மேல்டிவிசனில் பிறந்த குழந்தைகளின் எடையைத் தராசில் பார்த்து எழுதியவள் அவள். ஆள் எடுப்பதாகச் சொன்ன நாளில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகள் மூக்கைத் துடைத்துவிடும்போதும் சேலை கசங்காமல் பார்த்துக்கொண்டு, போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். போன் வந்தது. "தனுஜாவக் கொஞ்சம் கூப்புட முடியுமா?" என்று கேட்டார்கள்.

அவள் வாசற்படியில் நின்று தனுஜாவின் பெயரைக் கத்தினாள். கத்துவதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்?

அன்றிலிருந்து சின்னச் சின்ன விஷயங்கள் கண்ணில் பட ஆரம்பித்தன. கழுத்தில் தொங்கும் நீல நாடா. அதன் முனையில் போட்டோ ஒட்டிய அட்டை. மழையில் நனையாமல் பொலித்தீன் பையில் சுற்றிய டெப் என்கிற பலகைக் கம்ப்யூட்டர். கொழுந்து நிறுக்கும் இடத்தில் எல்லாரும் நிற்க, தனுஜாவுக்கு மட்டும் ஒரு நாற்காலி. கணக்கப்பிள்ளை அவளை 'மிஸ்' என்றார். ஜெயந்தினியை அவர் ஒரு நாளும் மிஸ் என்றதில்லை. 'ஜெயந்தி' என்றுதான் சொல்வார், அதுவும் பாதியில் நின்றுவிடும். போதாததற்கு, தனுஜா வேலைக்குப் போனதும் அவள் குழந்தை கேஷிகா பிள்ளைக் காம்பராவுக்கு வந்து சேர்ந்தது. டெப்பைத் தூக்கிக்கொண்டு அவள் படியேறி வந்து முத்தம் கொடுத்துவிட்டுப் போவாள். அவள் பெற்ற பிள்ளைக்குப் பால் ஆற்றிக் கொடுப்பது ஜெயந்தினி.

"அவ ஒக்காந்து தட்டுறா. நான் ஒக்காந்து தொடைக்கிறேன்" என்றாள் செல்லசாமியிடம்.

அவன் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை செய்து களைத்து வந்தவன். "அவளுக்குத் தட்டத் தெரியுது. ஒனக்குத் தொடைக்கத் தெரியுது" என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும், "கொழம்பு நல்லாருக்கு" என்றான்.

முதல் பதிவு பெரட்டுக் களத்தில் நடந்தது, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லாரும் கூடும் நேரத்தில். தனுஜா மேசை போட்டு, பிரஷர் பார்க்கும் மெஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒருவரும் கிட்டே வரவில்லை. கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தால் நரம்பு செத்துப்போகும் என்று வீரய்யா எங்கேயோ கேட்டிருந்தார். அதை எல்லாரிடமும் சொல்லியும் இருந்தார். தனுஜா இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். அவள் குரல் சின்னது. பிறகு ஓரமாக நின்ற ஜெயந்தினியைப் பார்த்து, "அக்கா, நீங்க மொதல்ல வாங்களேன். நீங்க வந்தா எல்லாரும் வருவாங்க" என்றாள்.

அது உண்மை. அவளுக்குத் தெரிந்திருக்கிறதே என்று ஜெயந்தினிக்கு ஒரு திருப்தி. முன்னால் போய் உட்கார்ந்து கையை நீட்டினாள். பட்டை இறுகியது, தளர்ந்தது. தனுஜா எண்ணைப் பார்த்தாள். மறுபடியும் அடித்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"அக்கா, கூட இருக்கு" என்றாள் மெதுவாக. "நல்லாவே கூட. அடுத்து வாற கிளினிக்குக்குக் கட்டாயம் வாங்க."

"மெஷினச் சரிபாக்கத்தானே பாத்த. விடு."

"இல்லக்கா, பதியணும்."

"நான் வந்தது ஒனக்கு ஆள் சேக்க. என்னைய நோயாளி ஆக்கிட்டியா?" என்று ஜெயந்தினி எழுந்தாள். அவள் எழுந்த நாற்காலியில் லெட்சுமி உட்கார்ந்தாள், பின்னால் வரிசை நின்றது. நரம்பைப் பற்றிப் பேசிய வீரய்யாவும் வரிசையில் இருந்தார்.

தனுஜா ஒவ்வொருவரிடமும் பெயர், வயது, போன் நம்பர் கேட்டாள். பெயர் சொன்னார்கள், வயதைக் கொஞ்சம் யோசித்துச் சொன்னார்கள். நம்பரை மட்டும் யோசிக்காமல் சொன்னார்கள். எல்லாரும் ஒரே நம்பர்.

"ஒங்க சொந்த நம்பர் சொல்லுங்கம்மா" என்றாள் தனுஜா.

"அது பொட்டிக்குள்ள கெடக்கும் புள்ள. ஜெயந்தி நம்பரே போடு" என்றாள் லெட்சுமி.

தனுஜா போட்டாள். அடுத்தவருக்கும் அதையே போட்டாள். ஒரு கட்டத்தில் கேட்பதையே விட்டுவிட்டாள். தூணில் சாய்ந்து நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஜெயந்தினிக்கு அன்று சோறு நன்றாக இறங்கியது.

அடுத்த மாதம் மெசேஜ்கள் வரத் தொடங்கின. 'லெட்சுமி, உங்கள் கிளினிக் நாள் வியாழன்.' 'வீரய்யா, உங்கள் கிளினிக் நாள் வியாழன்.' பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போது போன் குருவிபோலக் கத்திக்கொண்டே இருந்தது. ஜெயந்தினி கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்குப் போய் ஒவ்வொரு பெயராகக் கத்தினாள். சாயங்காலம் லயத்து வழியே வரும்போது மறுபடியும் சொன்னாள். புதன்கிழமை இன்னொரு தடவை. மெசேஜ் ஒரு முறைதான் வந்தது. அவள் மூன்று முறை சொன்னாள். தனுஜாவின் வேலையைத் தான் செய்கிறோம் என்று புழுங்கிக்கொண்டே சொன்னாள், ஆனால் ஒருவரையும் விடவில்லை. விட்டுவிட்டால் அந்த வேலை தனுஜாவுடையதாகிவிடுமே.

'ஜெயந்தினி, உங்கள் கிளினிக் நாள் வியாழன்' என்ற மெசேஜும் வந்தது. அதை அழித்தாள். மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அடித்த காற்றுக்கு ஒரு மெசேஜா? வியாழன் கழிந்ததும், 'நீங்கள் வரவில்லை' என்று இன்னொன்று வந்தது. அதையும் அழித்தாள்.

மாதாமாதம் அப்படியே நடந்தது. அவளுக்குத் தலைவலி வர ஆரம்பித்திருந்தது, பிடரியில் கல்லைக் கட்டியதுபோல. பிள்ளைகள் அழுகிற சத்தத்தால் வருகிறது என்றாள். மேட்டில் ஏறும்போது இரண்டு இடத்தில் நிற்கவேண்டியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தனுஜா கேட்பாள்:

"அக்கா, இன்னிக்கும் தலவலியா?"

"ஒன் மெசேஜு வாற சத்தத்துல வலிக்குது."

"நாளைக்கு டொக்டர் வாராங்க. ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்களேன்."

"எனக்கு ஒரு நோயும் இல்ல. ஒன் மெஷினுக்குத்தான் ஏதோ நோய்."

ஜெயந்தினி அன்று கருவாட்டுக் குழம்பில் ஒரு கை உப்பைக் கூடவே போடுவாள். செல்லசாமி ஒரு வாய் வைத்துவிட்டுச் சுவரைப் பார்ப்பான். பிறகு தண்ணீரை ஊற்றிக்கொள்வான்.

இப்படியிருக்கையில் ஒரு செய்தி வந்தது. கம்ப்யூட்டரில் ஏறிய தோட்டங்களில் கிளினிக்குக்கு ஆட்கள் தவறாமல் வருவது இந்த மேல்டிவிசனில்தானாம். மற்ற இடங்களில் பாதிப் பேர் இரண்டாம் மாதமே நின்றுவிட்டார்கள். இங்கே மெசேஜ் அனுப்பினால் வருகிறார்கள், மாத்திரை போடுகிறார்கள், பிரஷரும் இறங்கியிருக்கிறது. எப்படி என்று பார்க்க மேலிடத்திலிருந்து ஒரு டொக்டர் அம்மா வருகிறார். தோட்டம் முழுக்கத் தனுஜாவின் பேச்சு. தோட்டத்தை நடத்தும் துரை அவளைக் கூப்பிட்டுப் பேசினார். கொழும்பிலிருந்து கிஷாந்த் ஜெயந்தினியின் போனுக்கே கூப்பிட்டுத் தன் மனைவியைப் பற்றிப் பெருமைப்பட்டான்.

"எம் பொஞ்சாதி எம்புட்டுப் பெரிய வேல பாக்குறா பாத்தீங்களா அண்ணி?"

"பாத்தேன் பாத்தேன்" என்றாள் ஜெயந்தினி. "தொண்ட வலிக்கப் பாத்தேன்."

கூட்டத்தைப் பிள்ளைக் காம்பராவில் வைப்பதென்று முடிவாயிற்று. கவரேஜும் உண்டு, படம் போட வெள்ளைச் சுவரும் உண்டு. ஜெயந்தினி தரையைக் கழுவினாள், வடைக்குப் பருப்பு ஊறவைத்தாள். அரைக்கும்போதே பேச வேண்டியதையும் மனதில் அடுக்கிக்கொண்டாள். டொக்டர் அம்மா முன்னால் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, மெசேஜ் ஒன்றும் ஆட்களைக் கூட்டி வரவில்லை, தான்தான் கத்திக் கூட்டி வந்தது. இரண்டு, தனுஜாவின் மெஷின் நல்லாயிருக்கிறவளை நோயாளி என்று சொல்கிற மெஷின். இரண்டாவதைச் சொல்லும்போது தனுஜாவின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தாள். மாவு நன்றாக அரைபட்டது.

டொக்டர் அம்மா சிங்களப் பெண், ஆனால் தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசினார். சுவரில் படம் விழுந்தது. கிளினிக்குக்கு வந்தவர்களைக் காட்டும் பச்சைக் கம்பங்கள், ஒன்றைவிட ஒன்று உயரம். பெண்கள் தரையில் உட்கார்ந்து வடையோடு பார்த்தார்கள். டொக்டர் சிரித்துக்கொண்டே, "இதில ஒரு வேடிக்கை" என்றார். ஒரே போன் நம்பர் கொடுக்கிறவர்களை ஒரே குடும்பம் என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளுமாம். அதனால் மேல்டிவிசன் முழுவதும் ஒரே குடும்பமாகக் கணக்கில் நிற்கிறதாம். அந்த நம்பரில் முதலில் பதிந்தவர்தான் தலைவி. "யார் அந்தக் குடும்பத் தலைவி?"

எல்லாரும் திரும்பி ஜெயந்தினியைப் பார்த்தார்கள்.

"அப்ப நானும் ஓம் பிள்ளையா?" என்றார் வீரய்யா. அவளைவிட நிறைய மூத்தவர். கூடம் முழுக்கச் சிரித்தது. ஜெயந்தினி வடைத் தட்டோடு எழுந்து நின்றாள். பேச இதுதான் நேரம் என்று தட்டைக் கீழே வைத்தாள்.

அதற்குள் தனுஜா பேசிவிட்டாள். "டொக்டர், எங்க ஆளுங்க மெசேஜப் பாத்து வாறதில்ல. மெசேஜ் வாறது அக்காவோட போனுக்கு. அவங்கதான் இந்தப் படியில நின்னு கூப்புடுவாங்க, வீட்டுக்கு வீடு போய்ச் சொல்லுவாங்க. அவங்க இல்லாட்டி இந்தப் பச்சையெல்லாம் இல்ல."

டொக்டர் அம்மா கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். ஜெயந்தினி நின்றபடியே நின்றாள். அவள் எடுத்துக்கொள்ள வைத்திருந்த பெருமையைத் தனுஜா எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டாள். இனி அது ஜெயந்தினி சொன்னதாக இருக்காது. தனுஜா சொன்னதாகவே இருக்கும். நல்ல பெண், எவ்வளவு பெரிய மனசு என்று வேறு நாளைக்குப் பேசுவார்கள்.

"ஆனால் இப்படிக் கூப்பிட்டால் ஒருத்தர் நோய் எல்லாருக்கும் தெரிஞ்சு போகுமே?" என்றார் டொக்டர்.

"லயத்துல சொவத்துக்கு அந்தப்பக்கம் தும்முனாலே தெரிஞ்சு போகும் நோனா" என்றாள் லெட்சுமி.

விருப்பமுள்ளவர்கள் சொந்த நம்பருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று டொக்டர் சொன்னார். யாரும் கை தூக்கவில்லை. பிறகு அவர் சுவரின் மூலையைக் காட்டினார். பச்சைக்கு நடுவில் ஒரே ஒரு சிவப்பு. "இந்த ஒரு ஆள் மட்டும் முதல் நாளிலிருந்து ஒரு தடவையும் வரவில்லை. பிரஷர் மிகவும் அதிகம். மாத்திரை இல்லாமல் இப்படியே விட்டால் பக்கவாதம் வரலாம். இவரை எப்படியாவது வரவைக்க வேண்டும்."

தனுஜா டெப்பைப் பார்த்தபடியே, "நான் போய்ப் பேசுறேன் டொக்டர்" என்றாள். பெயரைச் சொல்லவில்லை.

லெட்சுமிதான் விடவில்லை. "யாரு ஜெயந்தி அது? மெசேஜ் ஒனக்குத்தானே வருது. ஒனக்குத் தெரியாமலா?"

ஜெயந்தினியின் பிடரியில் கல் இறுகியது. "தெரியும்" என்றாள்.

"நீ சொல்லலையா அவளுக்கு?"

"சொல்லியாச்சு. கேக்கல."

"என்னா திமிரு பாரு" என்றாள் லெட்சுமி. "நாங்கள்லாம் மழையில நனைஞ்சுகிட்டு வாறோம். அவளுக்கு மட்டும் கொம்பா மொளச்சிருக்கு? பேரைச் சொல்லு, நான் போய் இழுத்துட்டு வாறேன்."

"நானே பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஜெயந்தினி தேத்தண்ணி எடுக்க உள்ளே போனாள். மெஷினைப் பற்றிச் சொல்ல வைத்திருந்த இரண்டாவது விஷயம் அப்படியே நின்றுபோயிற்று. கெட்டிலைத் தூக்கிக் கோப்பைகளில் ஊற்றினாள். கொஞ்சம் வெளியே சிந்தியது.

எல்லாரும் போனபின் தனுஜா கோப்பை கழுவ வந்தாள். அக்கா தங்கை போல இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கழுவினார்கள். கேஷிகா தரையில் உட்கார்ந்து மிஞ்சிய வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். ஜெயந்தினியால் பொறுக்க முடியவில்லை.

"பேரைச் சொல்லியிருக்க வேண்டியதுதானே? என்னாத்துக்கு மறைச்ச? எனக்குப் பரிதாபம் பாத்தியா?"

தனுஜா நிமிர்ந்து பார்த்தாள். "சொல்லக்கூடாதுக்கா. யாரு பேரையும் கூட்டத்துல சொல்லக்கூடாதுன்னு சட்டம். சொன்னா எனக்கு வேல போயிரும்."

அவ்வளவுதானா என்றிருந்தது ஜெயந்தினிக்கு. இவ்வளவு நேரம் அந்தப் பெரிய மனசை எண்ணி எண்ணி எரிந்துகொண்டிருந்தாள். கடைசியில் அது மனசுகூட இல்லை, சட்டம். எரிந்தது வீண்.

"அப்ப அந்த மத்தது? நான்தான் கூப்புடுறேன்னு சொன்னியே, அதுவும் சட்டமா?"

"அது நெசம். நெசத்தைச் சொல்லாம பின்ன?" தனுஜா கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். பிறகு, கேட்காமலே, கோபம்போல ஒரு குரலில் சொன்னாள்: "நான் இங்க வந்து இம்புட்டு நாளாச்சு. நாடா போட்டிருக்கேன், டெப் வச்சிருக்கேன். ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, எந் நம்பரக் கேட்டதில்ல. கம்ப்யூட்டருக்குன்னு அன்டெனா போட்டதுலருந்து டிஸ்பென்சரியில கவரேஜும் இருக்கு, ஆனா ஒருத்தருக்கும் தோணல. எம் புருசனே ஒங்க போனுக்குத்தான் எடுக்குறாரு. கத்தினா எனக்குத் தொண்ட கட்டுது. ஒங்கள மாதிரிக் கூப்புட எனக்கு வராது. பெரட்டுக் களத்துல ஒக்காந்திருந்தப்ப எனக்கு எப்பிடி இருந்துச்சுன்னு ஒங்களுக்கென்ன தெரியும்?"

ஜெயந்தினி கேஷிகாவின் கையைத் துடைத்துவிட்டாள். அந்த ராத்திரி குழம்பில் உப்பு சரியாக இருந்ததாகச் செல்லசாமி சொன்னான்.

வியாழக்கிழமை அவள் கிளினிக்குக்குப் போனாள். விடிந்ததும் பிள்ளைகளை ஒருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினாள். அவள் நடந்து வருவதைக் கண்ட வீரய்யா பாதையில் நின்று, "யாருக்கு என்னாச்சு?" என்றார்.

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. போங்க" என்றாள்.

வரிசையில் லெட்சுமி முன்னால் நின்றாள். திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். மெல்ல விஷயம் விளங்கியது. "அடிப்பாவி" என்றாள், சத்தமில்லாமல். நகர்ந்து தனக்கு முன்னால் இடம் விட்டாள்.

பட்டை இறுகியது, தளர்ந்தது. முன்னைவிடக் கூடியிருந்தது. டொக்டர் நன்றாகத் திட்டினார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் வாயும் கையும் ஒரு பக்கம் இழுத்திருக்கும், அப்புறம் எந்தப் படியில் நின்று கத்துவாய் என்று கேட்டார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். கருவாட்டை நிறுத்தச் சொன்னார். அது மட்டும் ஜெயந்தினிக்குத் தனுஜா சொல்லிக் கொடுத்துச் சொன்னதுபோல இருந்தது.

வெளியே மேசையில் தனுஜா டெப்போடு உட்கார்ந்திருந்தாள். மாத்திரை பெயர்களைத் தட்டினாள். சிவப்பு பச்சையாகியிருக்க வேண்டும். அவள் அதைக் காட்டவில்லை, ஜெயந்தினியும் எட்டிப் பார்க்கவில்லை.

"அடுத்த கிளினிக் மாசக் கடைசியில. போன் நம்பர் அதேதானே அக்கா?"

"மாத்து."

தனுஜாவின் விரல் நின்றது.

"ஒன் நம்பரப் போடு" என்றாள் ஜெயந்தினி. "எல்லாருக்கும் நான் கத்துறேன். எனக்கு யாரு கத்துறது? எனக்கு வாற மெசேஜ நானே பாத்தா அழிச்சுத்தான் போடுவேன். நீ வந்து சொல்லு."

"சுவத்துக்கு அந்தப்பக்கம்தானே இருக்கேன். சாயங்காலம் சொன்னாப் போதுமா?"

"போதாது. மத்தவங்களுக்கெல்லாம் நான் அப்பிடியா சொல்றேன்? பகல்ல சொல்லணும். கத்திச் சொல்லணும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தனுஜாவும் சிரித்திருக்கலாம், தலையைக் குனிந்து தட்டிக்கொண்டிருந்ததால் தெரியவில்லை. மேல்டிவிசனில் நம்பர் மாற்றிக்கொண்டவள் ஜெயந்தினி ஒருத்திதான்.

மாதக் கடைசியில் ஒரு மத்தியானம். பிள்ளைகள் சாப்பிட்டுப் படுத்திருந்தார்கள். பனி கீழிறங்கி எதிர்ச் சரிவைப் பாதி மறைத்திருந்தது. கீழே டிஸ்பென்சரி வாசலில் நீல நாடா போட்ட ஒருத்தி வந்து நின்றாள். கையைக் குவித்தாள்.

"அக்கா…"

பாதியில் உடைந்துபோன குரல். சரிவில் கொழுந்தெடுத்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "யாரு கோழியப் புடிக்கிறது?" என்று லெட்சுமி கேட்டாள், பெண்கள் சிரிப்பது மேடு வரைக்கும் கேட்டது.

ஜெயந்தினிக்கு முதல் தடவையே நன்றாகக் கேட்டது. ஆனாலும் அவள் எழுந்திருக்கவில்லை. தூங்கும் கேஷிகாவின் மேல் போர்வையை இழுத்துவிட்டு, தனுஜா தொண்டையைச் சரிசெய்துகொண்டு இன்னொரு தடவை கத்தட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.